கணக்குப் பார்த்த பிறகே மன்னிப்பு

கேள்வி: என் கணவர் நண்பரின் கடைக்காக, என்னுடைய பதினொரு பவுன் நகையை எனக்குத் தெரியாமல் வங்கியில் அடகு வைத்தார். ஏல நோட்டீஸ் வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நகை போய்விட்டது. அவர் அழுது மன்னிப்புக் கேட்டார். நானும் ‘மன்னித்துவிட்டேன்’ என்றேன். இப்போது பள்ளி வேலை முடிந்து டியூஷன் எடுக்கிறார். அந்தப் பணத்தை மாதாமாதம் ஒரு கவரில் போட்டு என் வேதாகமத்தின் மேல் வைக்கிறார். நான் எண்ணி பீரோவில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறேன். எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் நகையில்தான் வந்து நிற்கிறது. எட்டு மாதமாக, ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்துக்கு நான் எழுந்து போகவில்லை. ‘முதலில் ஒப்புரவாகி, பிறகு காணிக்கை செலுத்து’ என்ற வசனத்தை எங்கள் போதகரின் மனைவி ஐயரம்மா நினைவூட்டினார். நான் மாயக்காரியா, வெளிவேஷம் போடுகிறவளா?
— ஒரு சகோதரி, தூத்துக்குடி

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் மாயக்காரி அல்ல. என்ன நடந்தது என்று முழுதாகத் தெரிவதற்கு முன்பே மன்னித்துவிட்டதாகச் சொல்ல வேண்டிய நிலை உங்களுக்கு வந்துவிட்டது. அவர் அழுதார், வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், நீங்கள் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டீர்கள். எத்தனையோ கிறிஸ்தவ வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில், ‘எத்தனை தரம் மன்னிக்க வேண்டும்’ என்று பேதுரு கேட்டதற்கு இயேசு சொன்ன உவமையை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். அந்த ராஜா முதலில் என்ன செய்கிறார்? கணக்குப் பார்க்கிறார். தன் வேலைக்காரன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து என்ற பெருந்தொகை என்று தெரிந்த பிறகுதான் அதை மன்னிக்கிறார். உங்கள் வீட்டில் அந்தக் கணக்கு இன்னும் பார்க்கப்படவில்லை என்று நினைக்கிறேன். அடகு வைத்த தேதி, வாங்கிய தொகை, வட்டி கட்டாமல் விட்ட மாதங்கள், நண்பர் திருப்பித் தந்தது ஏதாவது உண்டா, வேறு எங்காவது கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா? உங்கள் கடிதத்தில் அவை இல்லை. தெரியாத தொகையை யாராலும் தள்ளுபடி செய்ய முடியாது. அதனால்தான் ஒவ்வொரு சண்டையிலும் அது திரும்பி வருகிறது.

அதே உவமையில், மன்னிப்புப் பெற்ற அந்த வேலைக்காரனிடம் அவனுடைய உடன்வேலைக்காரன் கடன்பட்ட நூறு வெள்ளிப்பணத்தை ஏதோ சில்லறைக் காசு போலப் பிரசங்கங்களில் சொல்வதுண்டு. எனக்கு அது வருத்தம் தருகிறது. அன்று ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். நூறு என்றால் ஏறத்தாழ நான்கு மாதக் கூலி. தாலந்து ஒன்றுக்கு ஆறாயிரம் வெள்ளிப்பணம் என்று வைத்தால், பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலியாகிறது. அதன் முன்னே நூறு சிறியதுதான். ஆனால் நான்கு மாதக் கூலியைப் பறிகொடுத்தவனின் வயிற்றெரிச்சலைப் பொய் என்று இயேசு சொல்லவில்லை. உங்கள் பதினொரு பவுனும் அப்படித்தான். ‘நகைதானே, உயிரா போய்விட்டது’ என்று யாராவது சொன்னால் அதை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 20-ஆம் பிரிவின்படி, கிறிஸ்தவத் திருமணத்தால் மட்டும் மனைவியின் சொத்தில் கணவனுக்கு உரிமை வந்துவிடாது. வழக்குப் போடச் சொல்லவில்லை. எடுக்கப்பட்டது உங்களுடையது என்பதை அவரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

ஐயரம்மா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த வசனத்தில், ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவுக்கு வந்தவனைத்தான் எழுந்து போகச் சொல்கிறார் ஆண்டவர். இந்த விஷயத்தில் குறை உங்களுக்கு; அவர்பேரில். ஆகவே முதலில் எழ வேண்டியவர் உங்கள் கணவர். கவர் வைப்பது நல்ல தொடக்கம்; அது போதாது. ஒரு மாலை அவர் எல்லாத் தாள்களையும் எடுத்து உங்கள் முன் வைக்கட்டும். நீங்கள் கேட்பதற்கு முன் அவரே சொல்லட்டும். அன்றைக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

பணத்தை வாங்கிக்கொள்வதால் கிருபை இல்லாதவளாகிவிட்டோமோ என்ற எண்ணம் வேண்டாம். வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றபோது, இயேசு ‘வேண்டாம், மன்னித்தாயிற்று’ என்று தடுக்கவில்லை. அவர் அந்த வீட்டுக்குப் போனது முதலில். சகேயு கொடுக்க முன்வந்தது பிறகு. நீங்களும் உங்கள் கணவரோடு ஒரே வீட்டில், ஒரே பாயில் அமர்ந்து ஜெபிக்கிறீர்கள். கடன் முழுவதும் தீரட்டும் என்று அதற்குக் காத்திருக்கவில்லையே.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்கிறேன். கவரை எண்ணி முடித்ததும், ‘இந்த மாதப் பணம் வந்தது; கஷ்டப்பட்டிருக்கிறீர்கள், நன்றி’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் எல்லாம் மறந்துபோயிற்று என்று அவர் நினைத்துவிடுவாரோ என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். நினைத்தால், ‘இல்லை, இன்னும் வலிக்கிறது’ என்றும் சொல்லுங்கள். இரண்டும் உண்மை. பகல் முழுவதும் வகுப்பில் நின்றுவிட்டு, இரவு எட்டரை மணிவரை பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறவரின் தொண்டை வறண்டிருக்கும். அதைப் பார்த்த பிறகும் பேசாமல் இருப்பது உங்களையும்தான் வாட்டுகிறது. கடிதத்தில் அந்த வரியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அவர் மறுபடியும் மறைத்தாலோ, கணக்குக் கேட்டதற்குக் கை ஓங்கினாலோ, என் பதில் வேறு. அப்போது பொறுத்துப் போகாமல், உங்கள் வீட்டாரிடமும் சபையில் நம்பிக்கையான ஒருவரிடமும் உடனே சொல்லுங்கள்; தேவையானால் வழக்கறிஞரையும் பாருங்கள்.

திருவிருந்துக்குப் போங்கள். இயேசு நடத்திய முதல் திருவிருந்துப் பந்தியில் இருந்த பேதுரு, அன்று சேவல் கூவுவதற்குள் மூன்றுதரம் மறுதலிக்கப் போகிறவர் என்று தெரிந்தே ஆண்டவர் அப்பத்தைக் கொடுத்தார். கோபம் முழுவதும் ஆறட்டும் என்று நீங்கள் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை. ஆறாத கோபத்தையும் அங்கே கொண்டுபோகலாம்.

உங்கள் அண்ணன்மார் இப்போது அவரோடு பேசுவதில்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். ஏல நோட்டீஸ் வந்த அன்றே அவர்களுக்குப் போன் செய்தீர்களே, இதுவரை எத்தனை கவர் வந்திருக்கிறது என்பதையும் இந்த வாரம் அவர்களுக்குப் போன் செய்து சொல்லுங்கள்.