வாடகை ஃபிளாட்டும் கார் பார்க்கிங்கும்: கேள்வி பதில்

சென்னையில் நங்கநல்லூர், மடிப்பாக்கம் பக்கம் ஃபிளாட் வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பது என் தொழில். பார்க்கிங் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: விளம்பரத்தில் "கவர்டு கார் பார்க்கிங் உண்டு" என்று போட்டிருக்கிறார்கள். நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

வேண்டாம், முதலில் உங்கள் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், அதுவும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், எல்லா வண்டியும் வந்து நின்ற பிறகு. பகல் பதினோரு மணிக்கு எந்த ஸ்டில்ட்டும் (கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்த விட்டிருக்கும் தரைத்தளம்) மைதானம் மாதிரிதான் இருக்கும். காரை உள்ளே விட்டு, தூண் இடிக்காமல் கதவைத் திறந்து இறங்க முடிகிறதா, பக்கத்து வண்டியை நகர்த்தாமல் வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். இப்போதைய கட்டட விதிப்படி ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் வேண்டும். பழைய கட்டடங்களில் அவ்வளவு இருக்காது, ஆனால் இன்னோவா கிரிஸ்டாவின் நீளமே 4.7 மீட்டரைத் தாண்டும். அப்புறம் தரையையும் பாருங்கள். சம்ப் (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) மூடி உங்கள் கார் நிற்கிற இடத்தில் இருந்தால், தண்ணி லாரி வரும்போதெல்லாம், விடிகாலை அஞ்சு மணியானாலும், "சார், வண்டிய எடுங்க" என்று வாட்ச்மேன் பெல் அடிப்பார். ஊருக்குப் போனால் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் போகணும்.

கேள்வி: அண்ணா, குடிவந்து ரெண்டு மாதம் ஆகிறது. எங்கள் இடத்தில் மேல்மாடிக்காரர் காரை நிறுத்திவிட்டு, அது தன்னுடையது என்கிறார். ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார்.

மேல்மாடிக்காரரிடம் நீங்கள் சண்டைக்குப் போகாதீர்கள் தம்பி, இது ஓனர் தீர்க்க வேண்டிய விஷயம். கிரயப் பத்திரத்திலோ பில்டர் கொடுத்த அலாட்மென்ட் கடிதத்திலோ பார்க்கிங் எண் இருக்கிறதா என்று கேட்டு, அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி அசோசியேஷன் செயலாளரிடம் காட்டுங்கள். எண்ணே இல்லை என்றால் அசோசியேஷன் கூடித்தான் முடிவு செய்யணும். ஸ்டில்ட் இடம் பொதுவானது, அதை பில்டர் தனியாக விற்க முடியாது என்று 2010இல் ஒரு மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தீரும்வரை வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். அடுத்த அக்ரிமென்ட்டில் "ஒரு கார் பார்க்கிங்" என்று மொட்டையாக விடாமல் எண், எந்தத் தூணுக்குப் பக்கம் என்பதுவரை எழுதச் சொல்லுங்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும் கட்டாயம், எழுதுகிறபோதே இதையும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: வேளச்சேரியில் பேஸ்மென்ட் பார்க்கிங்கோடு நல்ல ஃபிளாட் கிடைக்கிறது. மழை பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான் மேடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்றதை ஊரே பார்த்தது. அந்தப் பகுதியில் பேஸ்மென்ட் என்றால் நான் யாருக்கும் சொல்லவே மாட்டேன். ஸ்டில்ட் என்றாலும் தரைமட்டம் தெருவைவிட உயரமா என்று பாருங்கள், மேலேயே ரோடு போட்டுப் போட்டு பல கட்டடங்கள் பள்ளமாகிவிட்டன. சுவரில் தண்ணீர் நின்ற கறை இருக்கும், புது பெயின்ட் அடித்திருந்தால் தெருமுனை இஸ்திரிக்காரரைக் கேளுங்கள், எந்த வருஷம் எவ்வளவு ஏறியது என்று முழங்காலைத் தொட்டே காட்டிவிடுவார்.

கேள்வி: எலெக்ட்ரிக் கார். சார்ஜ் போட வசதி?

மீட்டர் பலகை பெரும்பாலும் ஸ்டில்ட்டிலேயே இருக்கும், உங்கள் மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுத்து எம்சிபியோடு (லோடு அதிகமானால் தானே கரன்ட்டை நிறுத்தும் ஸ்விட்ச்) 15 ஆம்ப் பிளக் போட்டால் ராத்திரி சார்ஜுக்குப் போதும். ஓனர், அசோசியேஷன் இருவர் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

கேள்வி: ஒன்றன்பின் ஒன்றாக ரெண்டு கார் நிறுத்தும் இடம், முன்னால் வேறு வீட்டுக்காரர். சரிவருமா?

ரெண்டு காரும் உங்களுடையது என்றால் சரி. இல்லையென்றால் காலை ஷிஃப்ட்டுக்குப் போகிறவர் அந்த வீட்டை எடுக்கவே கூடாது.