ஜப்பானியர்கள் ஒரே இரத்தமா?

அன்புள்ள ஐயா,

ஒசாகாவில் வேலை பார்க்கும் என் மைத்துனர், ஜப்பானியர்கள் இரண்டாயிரம் வருஷமாக வெளி இரத்தமே கலக்காத இனம், அந்த ஒழுங்குக்கும் ஒற்றுமைக்கும் அதுதான் காரணம் என்கிறார். இங்கே சிலரோ ஜப்பானியர்களே தமிழ் வழி வந்தவர்கள் என்று எழுதுகிறார்கள். எதை நம்புவது?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

இரண்டையும் நம்ப வேண்டாம்.

தமிழ்த் தொடர்பை முதலில் முடித்துவிடுகிறேன். அதை விரிவாக வாதிட்டவர் சுசுமு ஓனோ, ஜப்பானிய மொழியில் பெரிய அறிஞர். நெல் சாகுபடியோடு தமிழும் அங்கே போனது என்றார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. மரபணு ஆய்வுகளிலும் இங்கிருந்து அங்கே மக்கள் பெயர்ந்ததற்குத் தடயம் இல்லை. அவர் நம் மொழிமேல் வைத்திருந்த அன்பு பெரிது. அதற்காக முடிவை ஏற்க முடியாது.

உங்கள் மைத்துனர் சொல்வதுதான் எனக்குக் கவலை தருகிறது.

அந்தத் தீவுகளின் பழைய குடிகள் ஜோமோன் மக்கள். சுமார் 16,000 ஆண்டுகளுக்கு முன்பே மண்பானை வனைந்தவர்கள். வேட்டை, மீன், காட்டில் கிடைக்கும் கொட்டைகள் என்று வாழ்ந்தார்கள். ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் கொரியப் பக்கமிருந்து, வயலில் நீர் கட்டி நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள் கியூஷு தீவின் வடபகுதியில் வந்து இறங்கினார்கள். யயோயி காலம் என்பது இதைத்தான். வந்தவர்களும் இருந்தவர்களும் கலந்தார்கள். கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து, அரசர்களுக்கு மலை போல மண்மேடு எழுப்பிய கோஃபுன் காலத்தில், ஆசியப் பெருநிலத்திலிருந்து இன்னொரு அலையும் சேர்ந்தது என்று 2021-ல் வெளியான தொல்மரபணு ஆய்வு சொல்கிறது. இன்றைய ஜப்பானியர்களிடம் ஜோமோன் பங்கு 10 முதல் 20 சதவீதம் வரைதான். தெற்கே ஒகினாவாத் தீவுகளில் அதைவிடக் கூடுதல். வடக்கே ஹொக்கைடோ தீவின் பழங்குடிகளான ஐனு மக்களிடம் மிக அதிகம்.

ஆய்வுக்கூடம் வரை போகக்கூட வேண்டாம். 815-ல் அரசவையே தொகுத்த குலப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் உள்ள 1,182 குலங்களில் 326 குலங்கள் சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்தவை என்று பதிவாகியிருக்கிறது. அப்போது யாரும் அதை மறைக்கவில்லை. 2001-ல் பேரரசர் அகிஹிதோவும், தன் முன்னோரான பேரரசர் கம்முவின் தாய் கொரியாவின் பெக்ஜே அரச வழியில் வந்தவர் என்று பழைய வரலாற்று நூலைச் சுட்டி வெளிப்படையாகவே பேசினார்.

பிறகு இந்தத் தூய இரத்தக் கதை எப்படி வேரூன்றியது? 1910-ல் கொரியாவை இணைத்துக்கொண்டபோது, 'நாம் எல்லாரும் ஒரே மூதாதையரின் பிள்ளைகள்' என்பதும் அதற்கு ஒரு நியாயமாகச் சொல்லப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் தோற்றுக் குடியேற்ற நாடுகள் கைவிட்டுப் போன பிறகு, 'நாங்கள் தனி இனம், கலப்பே இல்லை' என்ற பேச்சு ஓங்கியது. ஆட்சிக்கு எது தேவையோ அதுவே வம்சாவளி ஆனது. 1986-ல்கூடப் பிரதமர் நகசோனே ஜப்பானை ஓரின நாடு என்று பேச, ஐனு மக்கள் கொதித்தார்கள்.

அவர்கள் கொதித்ததில் நியாயம் உண்டு. ஜப்பானியர் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு விடை தேடி ஐனு மக்களுடைய கல்லறைகளையே தோண்டியிருக்கிறார்கள். தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் பேராசிரியர் கொகனெய் 1888, 1889 ஆண்டுகளில் ஹொக்கைடோ சென்று மண்டையோடுகளைச் சேகரித்தார். 1930-களில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தவரும் அதையே செய்தார்கள். பல இடங்களில் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் பல்கலைக்கழக அலமாரிகளில் கிடந்தன. அறிவியல் என்ற பெயரில் நடந்த இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதே இல்லை.

ஒழுங்கு இரத்தத்தில் வருவதுமில்லை. அங்கே பள்ளிப் பிள்ளைகளே தங்கள் வகுப்பறையைக் கூட்டித் துடைக்கிறார்கள். சிறுவயதில் பழக்கினால் வரும், அவ்வளவுதான்.

ஐனு மக்களைப் பழங்குடிகள் என்று சட்டம் ஏற்றது 2019-ல்தான். மறு ஆண்டு ஹொக்கைடோவின் ஷிராஓய் ஊரில் அவர்களுக்கான தேசிய அருங்காட்சியகம் திறந்தார்கள். பல்கலைக்கழகங்களிலிருந்து மீட்ட எலும்புகளில் பெரும்பகுதியை அங்கேயே ஒரு நினைவிடத்தில் வைத்திருக்கிறார்கள். சொந்த ஊர் மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்று கேட்கும் ஐனு குடும்பங்களும் உண்டு. வழக்குப் போட்டு, 2016-ல் ஹொக்கைடோவின் உராகாவா ஊரில் 12 பேரின் எலும்புகளை மறுபடி அடக்கம் செய்தார்கள். உங்கள் மைத்துனருக்கு விடுமுறை கிடைத்தால் ஷிராஓய் போய்வரச் சொல்லுங்கள்.

அன்புடன்.