வட்டியை ஒழுங்காகக் கட்டும் துப்பாக்கிக் கம்பெனியிடம் வங்கி கடனைத் திருப்பிக் கேட்கலாமா?

உங்கள் கேள்வி இதுதானே: அமெரிக்காவில் துப்பாக்கி செய்கிற ஒரு கம்பெனிக்கும் அதன் வங்கிக்கும் கடன் தகராறு, தவணை தவறாதவனிடம் போய் பாதியில் கடனை அடை என்று வங்கி சொல்ல முடியுமா, நம் ஊரிலும் அப்படி நடக்குமா. முடியும், நம் ஊரிலும் நடக்கும். எங்கள் வீட்டிலேயே நடந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனை பக்கம் எங்களுக்கு ஒரு அண்டி ஆபீஸ் உண்டு, அதாவது முந்திரிப்பருப்பு ஆலை. 2018-இல் ஆறு மாதம் நாங்கள் தூங்கவில்லை, அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் துப்பாக்கி விஷயம். அங்கே இரண்டு வேறு வேறு சண்டைகளை எல்லாரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, "உன் தொழிலே எங்களுக்கு வேண்டாம்" என்று வங்கி விலகுவது. 2012-இல் அரிசோனாவில் மெக்மில்லன் என்ற கம்பெனியின் உரிமையாளர், துப்பாக்கித் தயாரிப்பில் இறங்கியதால் பேங்க் ஆஃப் அமெரிக்கா தன்னை வேண்டாம் என்கிறது என்று பேஸ்புக்கில் எழுதினார், அப்படி ஒரு கொள்கையே இல்லை என்று வங்கி மறுத்தது. பிறகு 2018 பிப்ரவரியில் புளோரிடாவில் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஏப்ரலில் அதே வங்கி, பொதுமக்களுக்கு ராணுவ பாணித் துப்பாக்கி செய்து விற்கிற கம்பெனிகளுக்கு இனி கடன் இல்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தது. ஆனால் மே மாதத்தில் ரெமிங்டன் என்ற துப்பாக்கிக் கம்பெனி திவால் நடவடிக்கையில் இருந்து வெளியே வந்தபோது, அதற்குக் கொடுத்த கடனில் அந்த வங்கிக்கும் பங்கு இருந்தது. புதுக்கடன் தர மாட்டேன் என்று சொல்வது சுலபம், ஏற்கெனவே உள்ளே போய்விட்ட பணத்தை அப்படி ஒரு அறிவிப்பால் உருவிக்கொண்டு வர முடியாது.

இரண்டாவது சண்டை பிடிக்கும் பிடிக்காது சம்பந்தப்பட்டதே இல்லை, வெறும் கணக்கு. கோல்ட் என்ற துப்பாக்கிக் கம்பெனி 1855-இலிருந்து இருக்கிறது. 2013-இல் அமெரிக்க ராணுவத்தின் எம்4 துப்பாக்கி ஒப்பந்தம் கையை விட்டுப் போனது. 2014 நவம்பரில், பழைய கடன் பத்திரங்களுக்கு வட்டி கட்டவே மார்கன் ஸ்டான்லி வங்கியிடம் 7 கோடி டாலர் புதிதாகக் கடன் வாங்கினார்கள். வட்டி கட்டினார்கள், உண்மைதான், ஆனால் எதை வைத்துக் கட்டினார்கள் என்று பாருங்கள். 2015 ஜூனில் திவால் மனு.

நீங்கள் படித்த தகராறு இந்த இரண்டில் எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். முதல் வகை என்றால் அது அரசியல் வரை போகும். டெக்சாஸ் மாநிலம் 2021-இல் ஒரு சட்டமே போட்டது, துப்பாக்கித் துறையை ஒதுக்குகிற வங்கிகளோடு அரசு ஒப்பந்தம் கிடையாது என்று. இரண்டாவது வகை என்றால் கையெழுத்துப் போட்ட காகிதம்தான் பேசும். எங்களுடையது இரண்டாவது.

முந்திரித் தொழில் எப்படி என்றால், ஆப்பிரிக்காவில் சீசன் இருக்கும் சில மாதங்களில் வருஷம் முழுக்க ஓட்டத் தேவையான தோட்டண்டியை, அதாவது உடைக்காத முந்திரிக் கொட்டையை, வாங்கிக் கிட்டங்கியில் (குடோனில்) அடுக்கிவிட வேண்டும். அதற்கு வங்கியில் கேஷ் கிரெடிட், அதாவது சரக்கை ஈடாகக் காட்டி ஒரு வரம்பு வரை வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன். எங்கள் லிமிட் 80 லட்சம். கிட்டங்கியில் ஆயிரம் மூட்டை, மூட்டைக்கு 80 கிலோ, வாங்கிய விலை கிலோ 130 ரூபாய் என்று வையுங்கள், சரக்கு மதிப்பு 1 கோடியே 4 லட்சம். அதில் 25 சதவீதம் மார்ஜின், அதாவது நாம் கைப்பணமாகப் போட வேண்டிய பங்கு, கழித்து 78 லட்சம் வரை எடுக்கலாம், இதற்குப் பெயர் டிராயிங் பவர். நாங்கள் எடுத்திருந்தது 75 லட்சம். மாதா மாதம் வட்டி ஒரு நாள் தப்பாமல் போய்க்கொண்டிருந்தது, அப்பா அதில் ரொம்பக் கண்டிப்பு.

அந்த வருஷம் தோட்டண்டி விலை சரிந்தது. வங்கியிலிருந்து ஒருவர் ஸ்டாக் பார்க்க வந்தார். குத்தூசியை எடுத்து அடிவரிசை மூட்டையில் குத்தி, உள்ளங்கையில் விழுந்த நாலைந்து அண்டியை உருட்டிப் பார்த்துவிட்டு, "சார், இன்னைக்கு மார்க்கெட்ல இது என்ன விலை?" என்று கேட்டார். அப்பா நூறு என்று உண்மையைச் சொன்னார். அவர் அங்கேயே கால்குலேட்டரைத் தட்டினார். 80 லட்சம், மார்ஜின் போக 60 லட்சம். எடுத்ததோ 75. அந்த நிமிஷத்தில் நாங்கள் 15 லட்சம் அதிகமாக எடுத்தவர்கள் ஆகிவிட்டோம், ஒரு மூட்டைகூடக் கிட்டங்கியை விட்டு வெளியே போகாமல்.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது, மொத்தத்தையும் அடையுங்கள் என்று. "வட்டி கட்டுறேனே, எப்படிக் கேப்பாங்க?" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். பதில் சாங்ஷன் லெட்டரின் (வங்கி கடன் ஒப்புதல் கொடுத்த கடிதம்) நாலாம் பக்கத்தில் இருந்தது: வாங்கிய விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் சரக்கை மதிப்பிடுவார்கள், டிராயிங் பவருக்கு மேல் போனால் திரும்பக் கேட்கலாம். அப்பா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார். அது மட்டுமில்லை, கேஷ் கிரெடிட் கணக்கு தொடர்ந்து 90 நாள் டிராயிங் பவருக்கு மேலேயே நின்றால் அதை வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள்.

ஆனால் வங்கி நினைத்த நேரத்தில் பாய முடியாது. ரிசர்வ் வங்கி 2003-இல் கொண்டுவந்த நியாய நடைமுறை விதிகளின்படி, கடனைத் திரும்பக் கேட்கும் முன் ஒப்பந்தத்தில் சொன்னபடி நோட்டீஸ் தர வேண்டும், ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லையென்றால் நியாயமான அவகாசமாவது தர வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் மார்த்தாண்டத்தில் இருக்கிற ஒரு ஆடிட்டர் அண்ணன், அவருக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன். அவர் சொன்னபடி, எந்த நிபந்தனையை மீறினோம் என்று எழுத்தில் கேட்டோம், எந்தத் தேதிக்குள் எவ்வளவு குறைப்போம் என்பதையும் அதே கடிதத்தில் எழுதினோம். ஆறு மாதம் கிடைத்தது. முந்நூறு மூட்டையைக் கிடைத்த விலைக்குத் தள்ளினோம், அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போனது, அண்டி தல்ல, அதாவது உடைக்க, வரும் அக்காமாருக்கு இரண்டு மாதம் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கொடுக்க முடிந்தது. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது, அவர்கள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

கடிதத்துக்குப் பதிலே போடாமல் விட்ட இன்னொரு அண்டி ஆபீஸின் விஷயம் சர்ஃபேசி சட்டம் வரை போனது, அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி செய்கிற சட்டம். 2002-ஆம் வருஷச் சட்டம் அது. வாராக்கடன் ஆன பிறகு 60 நாள் நோட்டீஸ், அதற்குள் நாம் ஆட்சேபம் எழுதினால் 15 நாளில் வங்கி பதில் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் சொத்தைக் கையகப்படுத்தல். அதை எதிர்க்க 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், நம் மாவட்டத்துக்கு அது மதுரை. அவர்கள் அந்த 45 நாளையும் விட்டுவிட்டார்கள். வீடும் 22 சென்ட் இடமும் ஏலத்தில் போயிற்று.

துப்பாக்கிக் கம்பெனிக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. என் தோட்டண்டியை வங்கி நாளைக்கே கொல்லத்து வியாபாரி ஒருவருக்கு விற்றுவிடலாம். துப்பாக்கியை அப்படி விற்க முடியாது, அமெரிக்காவில் துப்பாக்கி வியாபாரத்துக்கு மத்திய அரசு லைசென்ஸ் வேண்டும், இங்கே 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டம் இருக்கிறது. விற்பது கஷ்டமான சரக்கு என்றால் வங்கி மார்ஜினைக் கூட்டும், நிபந்தனைகளை இறுக்கும், கொஞ்சம் ஆட்டம் கண்டாலும் முந்திக்கொண்டு கடனைக் கேட்கும். வங்கிக்குத் துப்பாக்கி மேல் வெறுப்பு என்று நினைத்துவிடுவோம், பல நேரம் வெறும் பயமாகத்தான் இருக்கும்.

கேள்வியின் கடைசியில் உங்கள் மாமாவுக்கும் நாகர்கோவிலில் இப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கடிதத்தின் தேதியைப் பாருங்கள், அது கடனைத் திரும்பக் கேட்கும் வெறும் ரீகால் கடிதமா அல்லது சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸா என்று பாருங்கள். 13(2) என்றால் அந்த 60 நாள் ஓட ஆரம்பித்துவிட்டது. சாங்ஷன் லெட்டரைத் தேடி எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலிடம் போகச் சொல்லுங்கள், பதிலைப் பதிவு செய்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பி அந்த ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.