பாட்ஸ் கூட ஆஸ்துமா, தைராய்டு, மைக்ரேன் எல்லாம் சேர்ந்து இருக்கறவங்க எப்படி சமாளிக்கிறீங்க?

எனக்கு இந்த நாலுமே இருக்கு, அதான் எழுதறேன். பாட்ஸ்னா (POTS) தெரியாதவங்களுக்கு, படுத்திருந்துட்டு எழுந்து நின்னா 10 நிமிஷத்துக்குள்ள இதயத்துடிப்பு, படுத்திருந்தப்ப இருந்ததை விட நிமிஷத்துக்கு 30 துடிப்பாவது கூடிடும் (12-19 வயசுன்னா 40), பிபி மட்டும் பெருசா இறங்காது. தலை சுத்தும், கண்ணு இருட்டும். படுக்க வச்சு இசிஜி எடுத்தா பெரும்பாலும் நார்மல்னு வரும், அதனாலேயே நிறைய பேரை டென்ஷன்னு சொல்லி அனுப்பிடறாங்க.

இதுல பெரிய சிக்கல் என்னன்னா ஒவ்வொரு நோய்க்கும் ஒரு டாக்டர், எல்லாத்தையும் சேர்த்து வச்சுப் பாக்கற ஒரே ஆள் நாமதான். எனக்கு மைக்ரேனுக்கும் படபடப்புக்கும் சேர்த்தே கேக்கும்னு ப்ரொப்ரனலால் எழுதினாங்க, நல்ல மருந்துதான், ஆனா ஆஸ்துமா இருந்தா மூச்சுக்குழாயை சுருக்கி விட்டுடும், நான் பையிலேர்ந்து இன்ஹேலரை எடுத்து மேசை மேல வச்சப்புறம்தான் சீட்டை மாத்தினாங்க. அப்புறம் ஐவாப்ரடின். அது துடிப்பை மட்டும் குறைக்கும், பிபியை இறக்காது, மூச்சுக்கும் தொந்தரவு இல்ல. ஆனா வெளிச்சம் சட்டுனு மாறும்போது கண்ணு முன்னாடி பளிச்னு தெரியும், மைக்ரேன் வரப்போகுதோன்னு பயமா இருக்கும். எனக்கு மைக்ரேனோடது மெதுவா பரவி கொஞ்ச நேரம் நிக்கும், மருந்தோடது வந்த வேகத்துல போயிடும். இன்னொன்னு, நெஞ்சு சளிக்கு க்ளாரித்ரோமைசின்ங்கற ஆன்டிபயாடிக் எழுதினாங்கன்னா ஐவாப்ரடின் எடுக்கறேன்னு கட்டாயம் சொல்லுங்க, ரெண்டும் சேரவே கூடாது. கர்ப்பத்துலயும் ஐவாப்ரடின் ஆகாது.

ஆஸ்துமாவுக்கு அடிக்கற சால்ப்யூட்டமால் இன்ஹேலர் அடிச்சாலே கொஞ்ச நேரம் துடிப்பு ஏறும். அதனால நான் ஒரு நோட்டு வச்சிருக்கேன், காலைல எழறதுக்கு முன்னாடி படுத்தபடியே ஒரு தடவை, நின்னு கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு தடவை பல்ஸ் பாத்து எழுதுவேன், பக்கத்துலயே இன்ஹேலர் எப்ப அடிச்சேன், தூக்கம் எப்படி, பீரியட்ஸ் நாளா, இதெல்லாம். டாக்டர்கிட்ட வாயால சொல்றதை விட அந்தப் பக்கத்தைக் காட்டினா பேச்சே வேற மாதிரி போகுது. ஒரே நேரத்துல ரெண்டு மருந்தை மாத்தாதீங்க, எது கேட்டுச்சு எது கெடுத்துச்சுன்னு தெரியாமப் போயிடும்.

திடீர்னு படபடப்பு கூடினா பாட்ஸ்தான்னு நினைச்சுக்காம டிஎஸ்எச் (தைராய்டு டெஸ்ட்), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச்சத்து இருப்பு) பாத்துடுங்க. தைராய்டு மாத்திரையான தைராக்சின் டோஸ் அதிகமானாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரிதான் அடிச்சுக்கும். இரும்பு மாத்திரையையும் தைராக்சினையும் 4 மணி நேரம் தள்ளிப் போடணும்.

உப்பு நிறைய, தண்ணி 2-3 லிட்டர்னு எல்லாரும் சொல்றது எனக்கு உதவுது, ஆனா பிபி, கிட்னி பிரச்சனை, ஹார்ட் ஃபெயிலியர் இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம உப்பைக் கூட்டவே கூடாது. இறுக்கமான சாக்ஸ் முழங்கால் வரைக்கும் போட்டா அவ்வளவா பத்தாது, வயிறு வரைக்கும் வர்றதுதான் கேக்குது. உடற்பயிற்சி படுத்தோ சாஞ்சோ செய்யறதுல ஆரம்பிங்க. ஆனா செஞ்ச மறுநாள் எழவே முடியாம விழுந்து கிடக்கறீங்கன்னா, கூட நாள்பட்ட சோர்வு நோய் இருக்கலாம், அதுல பல்லைக் கடிச்சுட்டு செஞ்சா இன்னும் மோசமாகும்.

ஓடும்போதோ வேலை செய்யும்போதோ மயங்கி விழறது, நெஞ்சுவலி, படுத்தப்புறமும் துடிப்பு இறங்காம இருக்கறது, இதையெல்லாம் பாட்ஸ் கணக்குல எழுதிட்டு இருந்துடாதீங்க, உடனே எமர்ஜென்சிக்குப் போங்க.