வீட்டில் பயன்படுத்தும் ஐபிஎல் முடி நீக்கக் கருவியை எப்போது தவிர்க்க வேண்டும்?

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது, மாநிறம், மாதாமாதம் பார்லரில் வேக்ஸிங் என்று எழுதியிருக்கிறீர்கள். முகத்துக்கும் சேர்த்தே கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஐபிஎல் என்றால் 'இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்', அதாவது தீவிர ஒளித்துடிப்பு. இந்தக் கருவி லேசர் அல்ல. பல அலைநீளங்கள் கலந்த ஒளியை ஒரு நொடிக்கும் குறைவாகப் பளிச்சென்று பாய்ச்சும். முடியிலுள்ள மெலனின் என்ற கரு நிறமி அதை உறிஞ்சிச் சூடாகி வேரைத் தாக்கும். தோலில் இருப்பதும் அதே மெலனின்தான். எது முடி, எது தோல் என்று அந்த ஒளிக்குத் தெரியாது. நரைமுடியில் மெலனின் இல்லை, அதனால் அங்கே பலனும் இல்லை.

தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் (1 மிக வெளுப்பு, 6 மிகக் கறுப்பு) ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் நம்மவர்கள் பெரும்பாலும் 4 முதல் 6-க்குள் வருவோம். வீட்டுக் கருவிகளில் அநேகமாக எல்லாமே 6-ஆம் வகைக்கு வேண்டாம் என்கின்றன. பல 5-க்கும் வேண்டாம் என்கின்றன. விளம்பரத்தில் வெளுத்த காலை மட்டும் காட்டிவிட்டு, இந்த எச்சரிக்கையைக் கையேட்டின் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பது அநியாயம்.

இன்னொன்று, உடம்பு முழுக்க ஒரே நிறம் இல்லை. முன்கை மாநிறமாக இருக்கும், அக்குள் அதைவிட இரண்டு படி கறுத்திருக்கும். தோல் நிறத்தை அளக்கும் கருவியின் சென்சார் கையில் அனுமதித்த அளவை அக்குளில் வைத்தால் சூடு மேல்தோலிலேயே தங்கிவிடும். முதலில் சுரீரென்று எரியும், பிறகு கருவி முனையின் வடிவத்திலேயே செவ்வகமாகச் சிவக்கும், சிலருக்குக் கொப்புளமும் வரும். ஆறியபின் அதே செவ்வகம் கரும்படையாக மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் தனியாகச் சோதியுங்கள்: குறைந்த அளவில் ஒரே ஒரு ஃப்ளாஷ், பிறகு 48 மணி நேரம் காத்திருங்கள். கருவி ஒளி வீச மறுத்தால் அது பழுதல்ல. வெள்ளைத்தாளைக் காட்டிச் சென்சாரை ஏமாற்றும் வித்தையைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

மச்சம், பச்சை குத்திய இடம், ஆறாத புண், கண்ணைச் சுற்றிய பகுதி, புருவம், உதடு, மார்புக்காம்பு, பிறப்புறுப்பு, இங்கெல்லாம் கூடவே கூடாது. கல்யாண மருதாணி சிவந்திருக்கும் கைகாலிலும் வேண்டாம், அந்த நிறமும் ஒளியை உறிஞ்சும். வெயிலில் கறுத்திருந்தால் குறைந்தது இரண்டு வாரம் பொறுங்கள்.

கர்ப்பம், பாலூட்டும் காலம், ஒளியால் தூண்டப்படும் வலிப்பு, லூபஸ் (உடலின் நோய் எதிர்ப்பே உடலைத் தாக்கும் நோய்) இருந்தால் வேண்டாம். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டிருந்தால், நிறுத்தி ஆறு மாதம் ஆகட்டும் என்பதே கையேடுகளில் வழக்கமாக இருக்கும் அறிவுரை. தோலை ஒளிக்குக் கூசவைக்கும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேளுங்கள்.

முகத்தில் சிவப்பழகு கிரீம் போடுகிறீர்களா? மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல் கிடைக்கும் பலவற்றில் ஸ்டீராய்டு, தோலை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுவினோன், தோலை உரிக்கும் ட்ரெட்டினாயின் மூன்றும் இருக்கும். ஸ்டீராய்டால் மெலிந்த தோலில் இந்தச் சூடு பட்டால் என்ன ஆகும்? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். ஆனால் கல்யாணப் பெண்களின் முகம் இப்படித்தான் கெடுகிறது. மளிகைச் சாமான் மாதிரி இதை விற்பதை யாரும் தட்டிக்கேட்பதில்லை.

தாடையிலும் கழுத்திலும் முடி, மாதவிடாயும் ஒழுங்கில்லை என்றால் முதலில் பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால் வரும் சினைப்பைப் பிரச்சினை) பரிசோதனை. அந்த இடங்களில் வேரை அழிக்கப் போதாத சூடு, பூனைமுடியைத் தூண்டிவிட்டுத் தடித்த முடியாக்குவதுண்டு. தெற்காசியப் பெண்களிடம் இது தெரிந்த சிக்கல். "எனக்கு நன்றாகத்தானே வேலை செய்தது" என்று கீழே கருத்துப் பகுதியில் யாராவது எழுதுவார்கள். செய்திருக்கும், மறுக்கவில்லை. அவர் தோல் வேறு, உங்கள் தோல் வேறு. கருத்த தோலுக்கு மருத்துவரிடம் என்டி யாக் என்ற வகை லேசர் (அலைநீளம் 1064 நானோமீட்டர்) இதைவிடப் பாதுகாப்பானது.

வேக்ஸிங் செய்தவுடன் இதைப் பயன்படுத்துவது வீண், வேரே இல்லாத இடத்தில் ஒளி எதைப் பிடிக்கும்? இன்றிலிருந்து வேக்ஸ், த்ரெட்டிங், எபிலேட்டர் மூன்றையும் நிறுத்தி, சுமார் நான்கு வாரம் ஷேவ் மட்டும் செய்யுங்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் கல்யாணத்துக்குள் இரண்டு தடவைதான் கிடைக்கும். அதற்குள் பெரிய மாற்றம் தெரியாது. கடைசி இரண்டு வாரம் எந்த இடத்திலும் புதிதாகத் தொடங்காதீர்கள்; சுட்டுவிட்டால் ஆற நாள் இருக்காது.