கற்றுக்கொள்ளும் நிரலுக்குக் கடன் பணம் எதற்கு?

கேள்வி: நான் மாதச் சம்பளக்காரன், கணினி படித்தவன் அல்லன். கரன்சி வர்த்தகத்தைத் தானாகச் செய்யும் நிரல் எழுத எட்டு மாதங்களாகக் கற்று வருகிறேன். தனிநபர் கடன் வாங்கி வர்த்தகக் கணக்கில் போட்டேன். பேக்டெஸ்டில் (பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் சோதனையில்) நல்ல லாபம் காட்டிய நிரல், உண்மையான சந்தையில் பாதிப் பணத்தைக் கரைத்துவிட்டது. டாப்-அப் கடன் (இருக்கும் கடனின் மேல் கூடுதல் கடன்) வாங்கிக் கணக்கை நிரப்பினேன். அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. ஏற்கெனவே ஆர்டர் இருக்கிறதா என்று பாராமல், விலை அசையும்போதெல்லாம் நிரல் புதிய ஆர்டர் போட்டதே காரணம் என்று இப்போது கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன். இன்னொரு டாப்-அப் வாங்கலாமா? மைத்துனரும் தன் சேமிப்பை என் நிரலில் ஓட்டித் தரும்படி வற்புறுத்துகிறார். கடன் விவரம் வீட்டில் யாருக்கும் தெரியாது. தூக்கமே வருவதில்லை.

பதில்: கரன்சி வர்த்தகத்தில் ஆபத்து உண்டு என்பதை எட்டு மாத அனுபவமே உங்களுக்குச் சொல்லியிருக்கும் என்பதால், அதை நான் விளக்கப் போவதில்லை. நீங்கள் நிரல் எழுதக் கற்பதிலும் எந்தத் தவறும் இல்லை. கணக்கு குறையும்போதெல்லாம் கடன் வாங்கி அதை நிரப்பும் பழக்கம்தான் உங்களைக் கெடுக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பிழையைக் கண்டுபிடிக்கிறீர்கள்; அதைத் திருத்திய நிம்மதியில், இனிமேல் எல்லாம் சரியாக ஓடும் என்று நம்பி அடுத்த கடனுக்கு விண்ணப்பிக்கிறீர்கள்.

தொகைகளை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், உங்கள் முதல் கடனை 100 என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் டாப்-அப் 40, தவணைகள் போக இன்று நிற்கும் கடன் ஏறத்தாழ 125, வர்த்தகக் கணக்கில் மீதம் 60. ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால் மாத வட்டி மட்டும் 1.9 அளவுக்கு வரும். அந்த வட்டியை 60-லிருந்து ஈட்ட வேண்டுமானால் கணக்கு மாதம் 3 விழுக்காட்டுக்கு மேல் வளர வேண்டும். இத்துடன் ஸ்பிரெட்டையும் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி) தரகரின் கமிஷனையும் சேருங்கள். நிரல் மாதத்துக்கு 200 முறை வாங்கி விற்கிறது. ஒவ்வொரு முறையும் போட்ட பணத்தில் 0.02 விழுக்காடுதான் செலவு, லெவரேஜும் (கையிலிருப்பதைவிடப் பெரிய தொகைக்கு வர்த்தகம் செய்வது) இல்லை என்று குறைவாகவே எடுத்துக்கொண்டாலும், மாதம் 4 விழுக்காடு போய்விடுகிறது. ஆக, மாதம் 7 விழுக்காடு சம்பாதித்தால்தான் நீங்கள் இருந்த இடத்திலேயே இருக்க முடியும். கூட்டிப் பார்த்தால், ஓராண்டில் பணத்தை இரு மடங்குக்கு மேல் ஆக்கும் வேகம் அது. நிரல் எழுதப் பழகும் ஒருவரிடம் மட்டுமல்ல, இத்தொழிலில் ஊறியவர்களிடமும் இதை நான் எதிர்பார்க்க மாட்டேன்.

நீங்கள் கண்டுபிடித்த பிழை புதியவர்கள் எல்லோரும் செய்வதுதான். அண்மை விலைகளின் வேகமான சராசரி, நீண்ட கால விலைகளின் மெதுவான சராசரியைக் கடக்கும் கணத்தில் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அது மேலே இருந்தால் வாங்கு என்று எழுதிவிடுகிறோம். மேலே இருக்கும் வரை அந்த நிபந்தனை உண்மையாகவே இருப்பதால், ஒவ்வொரு விலை மாற்றத்துக்கும் ஓர் ஆர்டர் போகிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் நிறுவனத்தில், சர்வர் ஒன்றில் தங்கிவிட்ட பழைய நிரல் நிறைவேறிய ஆர்டர்களைக் கணக்கில் கொள்ளாமல் மேலும் மேலும் ஆர்டர்களை அனுப்பியது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அனுபவமுள்ள பொறியாளர்கள் இருந்த இடத்திலேயே அப்படி நடந்தது என்றால், உங்கள் நிரலில் இருந்த கடைசிப் பிழை இதுதான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பேக்டெஸ்ட் முடிவையும் சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள். நிரலின் நான்கு அளவுகளுக்குத் தலா பத்து மதிப்புகள் கொடுத்து, அவற்றில் சிறந்ததைத் தேர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது 10,000 சேர்க்கைகள். அத்தனையில் ஒன்று பழைய விலைகளோடு அழகாகப் பொருந்துவதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை, தற்செயலே போதும். அதே மதிப்புகளை, தேர்வின்போது நிரலுக்குக் காட்டாத இரண்டு ஆண்டு விலைகளில், ஸ்பிரெட்டையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். நிரல் முடிவெடுக்கும் நேரத்தில் இன்னும் முடியாத மெழுகுவர்த்தியின் (விலை வரைபடத்தில் ஒரு கால இடைவெளியைக் காட்டும் கட்டம்) இறுதி விலையைப் பயன்படுத்துகிறதா என்பதையும் கவனியுங்கள். இந்த ஒரு பிழையே நஷ்ட நிரலை லாப நிரலாகக் காட்டக்கூடியது.

இந்தச் சோதனைகளுக்குச் செலவே இல்லை. பைத்தான் நிரல்மொழி இலவசம், மெட்டாடிரேடர் என்ற வர்த்தக மென்பொருளில் போலிப் பணத்தில் பழகும் டெமோ கணக்கும் இலவசம். டெமோவில் ஆர்டர்கள் உண்மையைவிடச் சுலபமாக நிறைவேறும் என்பது சரிதான். அங்கேயே தேறாத நிரல் வெளியே தேறப் போவதில்லை.

எழுதுவதை விட்டுவிட்டு ஆயத்த ரோபோ (தானாக வர்த்தகம் செய்யும் நிரல்) ஒன்றை வாங்கிவிடலாமா என்ற எண்ணம் வந்தால், தயவுசெய்து வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வெற்றி என்று விற்கப்படுபவற்றில் பல, தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாகப் போடும் முறையில் ஓடுபவை. ஒன்றில் தொடங்கித் தொடர்ந்து பத்து முறை தோற்றால், மொத்த நஷ்டம் 1,023.

மைத்துனர் விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்கிறேன்: அவர் பணத்தைத் தொடாதீர்கள். வங்கிக் கடனுக்காவது தவணை அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. உறவில் வாங்கிய பணம் கரைந்தால் உங்கள் துணைவியார் இரு பக்கமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மறுப்பதற்குத் தயக்கமாக இருந்தால், ஐரோப்பியப் பத்திரங்கள் மற்றும் சந்தைகள் ஆணையம் 2018-இல் சொன்னதைக் காட்டுங்கள்: விலை வேறுபாட்டு ஒப்பந்தங்களில் (கரன்சி போன்றவற்றை வாங்காமல், அவற்றின் விலை ஏற்ற இறக்கத்தின் மீது மட்டும் பணம் கட்டுவது) ஈடுபட்ட சிறு முதலீட்டாளர் கணக்குகளில் 74 முதல் 89 விழுக்காடு வரை நஷ்டத்தில் இருந்தன.

இந்த வாரமே நிரலை நிறுத்தி, திறந்திருக்கும் ஆர்டர்களை முடித்து, மீதமுள்ள 60-ஐக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பகுதி முன்கட்டணத்துக்கு அபராதம் உண்டா என்று கடன் கொடுத்தவரிடம் கேட்டுக்கொண்டு, அந்தத் தொகையைக் கடனில் கட்டுங்கள். 125 என்பது 65 ஆகும்; மாத வட்டி 1.9-லிருந்து ஒன்றுக்குக் கீழே இறங்கும். தவணையைக் குறைக்கச் சொல்லாமல், காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்த ரசீது கைக்கு வந்த அன்றே, அதை வைத்து வீட்டில் முழுக் கணக்கையும் சொல்லிவிடுங்கள்.