வீட்டுக்கு ஒரே கார் என்றால் ஃபோர் வீல் வாங்கலாமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய வீடு. நான், மனைவி, முழங்கால் வலியுள்ள அம்மா, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். இப்போதுள்ள சின்னக் கார் மைவியை விற்றுவிட்டு, சுசுகி ஜிம்னி போன்ற முரட்டு ஃபோர் வீல் (நான்கு சக்கரத்தையும் எஞ்சின் சுழற்றும்) வண்டி வாங்க ஆசை. சரியான முடிவா?

வீட்டில் இரண்டாவது வண்டியாக நிற்கப்போகிறது என்றால் தயங்காமல் வாங்குங்கள். மைவியின் இடத்தில் ஒரே வண்டியாக வரப்போகிறது என்றால் வேண்டாம். பதினோரு ஆண்டுகளாக ஒரு பழைய டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை, பின்னால் திறந்த சரக்குத் தொட்டி) டீசல் ஃபோர் வீல் வண்டி வைத்திருக்கிறேன். அதன் மேல் கொள்ளைப் பிரியம் உள்ளவன்தான் இதைச் சொல்கிறேன்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. லேண்ட் ரோவரை ஆம்ஸ்டர்டாமில் முதன்முதலாகக் காட்டியது 1948 ஏப்ரலில். அதே ஆண்டு ஜூனில்தான் நம் ஊர்த் தோட்டங்களில் மூன்று துரைமார் (வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள்) சுட்டுக் கொல்லப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவர் என் அப்பா. துரையின் லேண்ட் ரோவர் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும்போது பிள்ளைகள் எல்லாரும் பின்னால் ஓடுவார்களாம். எழுபது வயதுக்குப் பிறகும் அந்த வண்டியின் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது வெறும் வாகனம் அல்ல.

என் வண்டி எதற்கு உதவுகிறது என்று சொல்கிறேன். லாசா சாலையிலிருந்து உள்ளே போனால் எங்களுக்கு ஐந்து ஏக்கர் செம்பனை (பாமாயில் மரம்). பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறுவடை. அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்த்துவிட வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெட்டுவிடும். மழை என்று சொல்லி வீட்டில் உட்கார முடியாது. எங்கள் நிலத்துக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு சரிவு இருக்கிறது. நவம்பரில் அது சோப்புத் தேய்த்த தரை மாதிரி ஆகிவிடும். போன நவம்பரில் நாற்பது குலைகளோடு அதன் உச்சியில் நின்றேன். வண்டியை முழுதாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, சிறிய லிவரை ஃபோர் லோவுக்கு (நான்கு சக்கரமும் மெதுவாக, பலத்தோடு சுழலும் நிலைக்கு) இழுத்து, முதல் கியரில் விட்டேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் மனம் வராது. பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். மிதிக்காமல் விட்டால் எஞ்சினே பிடித்துக்கொண்டு, கிழவர் படியிறங்குவது போல ஒவ்வொரு அடியாக இறக்கிக் கொடுக்கும். கீழே ஓடையைத் தாண்டியதும்தான் மூச்சு விட்டேன். அந்த வேலையை எந்த மைவியும் செய்யாது.

ஆனால் உங்கள் வீட்டுக்குப் போகும் வழி அப்படிப்பட்டதா? தோட்டத்து முக்கியச் சாலைகளைச் சமன் செய்து கல் போட்டு வைத்திருப்பார்கள். பழைய காஞ்சில் கார்களும் கப்சாய் என்னும் சின்ன மோட்டார்சைக்கிள்களும் தினமும் அதில்தான் ஓடுகின்றன. உங்கள் பக்கத்து வீட்டுக் காஞ்சில் டிசம்பர் மழையிலும் வீடு வந்து சேர்கிறது என்றால் உங்களுக்கு ஃபோர் வீல் தேவையில்லை. நான் யாருக்கும் சொல்லும் முதல் சோதனை இதுதான்.

ஜிம்னி என்று பெயரைச் சொல்லிக் கேட்டதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். உண்மையாகவே நல்ல வண்டி. தனி அடிச்சட்டம், முன்னும் பின்னும் கெட்டியான அச்சு, 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி, ஃபோர் லோ கியர் எல்லாம் உண்டு. எடை ஏறத்தாழ 1,100 கிலோதான் என்பதால் என் வண்டி புதையும் சேற்றில்கூட அது மிதந்து போய்விடும். ஆனால் மூன்று கதவு வண்டியில் இருக்கைகள் நான்கு. உங்கள் வீட்டில் ஐந்து பேர். பின் இருக்கையில் ஆள் உட்கார்ந்தால் பின்னால் மிஞ்சும் இடம் 85 லிட்டர். ஒரு அரிசி மூட்டையும் இரண்டு பள்ளிப் பைகளும் வைத்தால் நிறைந்துவிடும். ஐரோப்பிய மோதல் சோதனையில் 2018இல் அது பெற்றது ஐந்தில் மூன்று நட்சத்திரம். பிள்ளைகளை ஏற்றும் வண்டி என்பதால் இதைச் சொல்லாமல் விட மாட்டேன். விலையும் 2021இல் இங்கே வந்தபோதே ஒன்றரை லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டியிருந்தது. அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாகவே ஒரு புதிய மைவி வாங்கிவிடலாம்.

இந்த வகை வண்டிகள் தார்ச்சாலையில் எப்படி ஓடும் என்பதை ஷோரூமில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஈப்போவுக்குப் போய் வந்தால் என் இடுப்பு சொல்லும். மண்சாலை டயர் நெடுஞ்சாலையில் வண்டு போல ரீங்காரமிடும்; கோலாலம்பூர் போய்ச் சேரும் வரை மனைவியும் நானும் உரக்கத்தான் பேச வேண்டும். டீசலும் முன்போல் இல்லை. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆனது. எழுபது லிட்டர் நிரப்பினால் ஒரே நாளில் 84 வெள்ளி கூடிவிட்டது. தகுதியுள்ள சிறுதோட்டக்காரர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவித்தொகை அறிவித்தார்கள். நிலம் இல்லாமல் ஆசைக்கு வாங்குபவர் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

இன்னொன்று. இவற்றில் பெரும்பாலானவற்றின் நான்கு சக்கர இயக்கம் சேற்றுக்கும் சரளைக்கும் மட்டுமே. காய்ந்த தாரில் அதைப் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறுவேறு தூரம் உருளும். அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க நடுவில் ஒன்றும் இல்லாததால் பற்சக்கரங்கள் முறுக்கேறும். என் அக்காள் மகன் ஃபோர் ஹையை (நான்கு சக்கர இயக்கத்தின் வேக நிலையை) எடுக்க மறந்து தோட்டத்து வாசலிலிருந்து டவுன் வரை ஓட்டிவிட்டான். பட்டறைச் செலவு 2,800 வெள்ளி.

பழைய வண்டியாகப் பார்ப்பதென்றால் பளபளப்பை நம்பாதீர்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரோடு கீழே படுத்து, அடிச்சட்டத்தின் உள்பக்கத்தைக் குத்திப் பாருங்கள். நான் பல ஆண்டுகள் மேலே மட்டும் கழுவிக்கொண்டிருந்தேன். சட்டத்துக்குள் அப்பியிருந்த செம்மண் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைத் தின்றிருக்கிறது. ஒருநாள் குத்திய ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை உள்ளே போனது. இப்போது ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாமல் நான் சாப்பிட உட்காருவதில்லை.

எங்கள் அம்மாவும் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிப் பால் எடுத்தவர்தான்; முப்பது வருடம் குனிந்து நிமிர்ந்த முழங்கால். அவருக்காக வண்டியில் எப்போதும் ஒரு நீல நிற பிளாஸ்டிக் முக்காலி கிடக்கும். நான் இறங்கி, முக்காலியை வைத்து, அவர் இடது கையால் கதவுப் பிடியையும் வலது கையால் என் தோளையும் பிடித்து ஏறுவார். கோயில் வாசலில், நாலு பேர் பார்க்க, அவருக்கு அது கூச்சமாக இருந்தது. வாய் திறந்து சொன்னதில்லை. வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார். காரணம் புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. பிறகுதான் ஒரு சின்னக் கார் வாங்கினேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இப்போது அதில்தான் போகிறோம்.

ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். முன் இருக்கையை மடக்கி, அவரைப் பின் இருக்கையில் ஏறச் சொல்லுங்கள். உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆனதும் இறங்கச் சொல்லுங்கள். அப்போது வண்டியைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள்.